என் வீட்டுக்காரர் ஆண்ட நாடு

என் வீட்டுக்காரர் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டை ஆண்டிருக்கிறார். ஒரே ஒரு சாயங்காலம்தான். நாடு இருந்த இடம் சிங்கப்பூரில் செம்பவாங் நேவல் பேஸ், வெள்ளைக்காரனின் கப்பற்படைத் தளம். தொழிலாளர் குடியிருப்புக்கு நடுவில், முருகன் கோயிலுக்கு எதிரே போட்ட பலகை மேடைதான் தலைநகரம். ஆனாலும் ஆண்டார், விழுந்தார். இரண்டையும் நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இன்றைக்கும் யாராவது அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால், கிரேன் ஓட்டினார் என்று சொல்வதற்கு முன்னால் இதுதான் நாக்கு நுனியில் வந்து நிற்கும்.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டுபவர். நல்ல உயரம், குரல் அதற்கும் மேலே. உச்சியில் உட்கார்ந்துகொண்டு தரையில் நிற்பவர்களோடு பேசிப் பேசி, வீட்டுக்குள்ளும் அதே குரல்தான். சாப்பிடும்போது உப்பு கேட்டால் மூன்று வீடு தள்ளியிருப்பவர்கள் உப்பு எடுத்துக்கொண்டு வருவார்கள். இந்தக் குரலுக்காகத்தான் அவரை எங்கள் நாடகக் குழுவில் சேர்த்தார்கள். சேர்த்து, கையில் ஒரு ஈட்டியைக் கொடுத்து, வாயில் ஒரு வரியைக் கொடுத்தார்கள்: "அரசே, எதிரிகள் கோட்டையை நெருங்கிவிட்டார்கள்."

நான் கல்யாணமாகிச் செம்பவாங்குக்கு வந்தது ஐம்பதுகளின் நடுவில். அப்போதிலிருந்து ஒவ்வொரு தீபாவளியை ஒட்டியும் ஒரு நாடகம். ஒரு வருஷம் சேர நாடு, ஒரு வருஷம் சோழ நாடு, ஒரு வருஷம் எந்த நாடென்றே தெரியாத நாடு. எந்த நாடானாலும் எதிரிகள் கோட்டையை நெருங்குவார்கள், அதை வந்து சொல்வது என் வீட்டுக்காரர். ராஜா எப்போதும் மண்டோர்தான். பட்டறையில் எங்கள் ஆட்களை மேய்க்கிற மேஸ்திரி அவர், மண்டோர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மேடைக்குப் பலகையும் மேலே கட்டத் தார்ப்பாயும் அவர் தயவில் வருவதால், கிரீடத்தை வேறு தலையில் வைப்பதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

இவருக்கு மட்டும் ஆசை இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் குளியலறையில் தினமும் காலையில் ராஜாவின் வசனம் முழுவதையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு குளிப்பார். போர்முரசு கொட்டச் சொல்லுவார், மந்திரியைச் சிறையில் தள்ளுவார், பிறகு தலையைத் துவட்டிக்கொண்டு வந்து காப்பி கேட்பார். வரிசை வீடுகளில் அவ்வளவு பேருக்கும் அது தெரியும். யாரும் கேலி செய்ததில்லை, கேட்டுக் கேட்டு அதுவும் காலையில் ஊதும் பட்டறைச் சங்கு போல ஆகிவிட்டது.

எங்களுக்கு இருந்த ஒரே குறை குழந்தை. இரண்டு முறை தரித்தது, இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

அறுபத்தாறாம் வருஷத் தொடக்கம். சிங்கப்பூர் தனிநாடாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. எங்கே பார்த்தாலும் நாடு, ஆட்சி, பட்டாளம் என்றே பேச்சு. அப்போதுதான் கிராணியார் அந்த யோசனையோடு வந்தார். பண்டகசாலையில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர். நாடகம் எழுதுவது அவர்தான். வீட்டில் சிற்றலை ரேடியோ ஒன்று வைத்திருந்தார். லண்டன் செய்தியைக் கேட்காமல் சோற்றில் கை வைக்கமாட்டார் என்று சொல்லுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கோயில் மண்டபத்தில் கூட்டி வைத்துச் சொன்னார்.

"இனி ராசா கதை காணும், போதும். உலகத்திலை ராசாக்கள் முடிஞ்சு போட்டினம். இப்ப ஜெனரல்மாரின்ரை காலம்."

கதையையும் சொன்னார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. எங்களைப் போலவே வெள்ளைக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போன இடம். அவர்களுக்கும் புதுக்கொடி, புதுப்பாட்டு, பாராளுமன்றம் எல்லாம் இருந்தது. மந்திரிகள் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டார்கள். ஊரில் கலகம். பட்டாளம் உள்ளே புகுந்தது. கடைசியில் பார்த்தால் ஜெனரல் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கட்சிகளைக் கலைத்துவிட்டு, 'சும்மா கொஞ்ச நாளைக்குத்தான், எல்லாம் ஒழுங்காகிறவரை' என்கிறாராம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதிலேயே ஆளின் குணம் பிடிபட்டுவிட்டது. "எங்க கொழுந்தனாரும் அப்படித்தான் கொஞ்ச நாளைக்குன்னு வந்தாரு. வந்த வருசம் பொறந்த புள்ள இப்ப பள்ளிக்கூடம் போவுது. அவரு இன்னும் அதே பாயிலதான் படுத்திருக்காரு," என்றாள்.

மண்டோர் கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டு, மூன்றே கேள்வி கேட்டார். கிரீடம் உண்டா? ராணி உண்டா? பாட்டு உண்டா? மூன்றுக்கும் கிராணியார் இல்லை என்றார்.

"அப்ப என்ன லா ராஜா அது? தொப்பி போட்ட போலீஸ்காரன் மாதிரி. எனக்கு வேணாம், வேற ஆளப் பாருங்க," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வேறு ஆள் யார்? மண்டபத்தில் ஜெனரலுக்குரிய உயரமும் குரலும் ஒருவருக்குத்தான் இருந்தது. கிராணியார் திரும்பி இவரைப் பார்த்தார். இவர் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். தூண்தான் நின்றது.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அவரைச் சீண்டிக்கொண்டே வந்தேன். "ஜெனரல் பொண்டாட்டி இனிமே மீன் கழுவலாமா, இல்ல அதுக்கும் ஆள் வருமா?" என்று கேட்டேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தார். எனக்கும் மனசு நிறைந்திருந்தது.

ஜெனரலுக்கு உடுப்பு வேண்டும். பஸ் பிடித்துச் சிராங்கூன் சாலைக்குப் போனோம். அப்போதெல்லாம் அது அரைநாள் பயணம். ஜவுளிக்கடையில் பச்சைநிறக் காக்கித் துணி கேட்டபோது கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். இவர் "எனக்குத்தான், ஆப்பிரிக்காவுல ஜெனரல்," என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்தவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அளவைக் கொஞ்சம் கூடவே கிழித்துக் கொடுத்தார். தேக்கா சந்தையில் ஆப்பம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். பழைய பட்டுப்புடவையின் ஜரிகைக் கரையைப் பிரித்துத் தோள்பட்டைக்கு வைத்தேன். பால் டின் மூடிகளை வட்டமாக வெட்டிப் பதக்கம் செய்தோம். மார்பில் அத்தனை பதக்கம் குத்தியதில் அவர் நடக்கும்போது பாத்திரக் கடை நடந்து வருகிற சத்தம் கேட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் நாடகத்தில் ராஜா வேஷம் என்றால் முகத்தில் ரோஸ் பவுடரை அப்பு அப்பென்று அப்பி, கழுத்துக்கு மேலே ஒரு ஆள், கழுத்துக்குக் கீழே ஒரு ஆள் என்று ஆக்கிவிடுவார்கள். இந்த முறை முகப்பூச்சுக்காரர் இவரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வேணாம்ண்ணே, ஆண்டவனே போட்டு அனுப்பிச்சிட்டான்," என்றார். எங்கள் ஆட்கள் சொந்த நிறத்தில் மேடையேறியது அந்த நாடகத்தில்தான். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

சட்டைக்கு இரண்டாம் தடவை அளவு பார்க்கும்போதுதான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தோளில் குண்டூசி குத்திக்கொண்டே, "இந்தத் தடவை டாக்டர் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றாங்க," என்றேன். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குண்டூசியோடு அப்படியே வாசலுக்கு ஓடி வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொல்லிவிட்டார். நான் மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருந்த ரகசியம் மூன்று மூச்சில் ஊர்ச்சொத்தாகிவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷனை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அன்றைக்கே பக்கத்து வீட்டு அக்கா ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரியின் புருஷன் என்னென்ன செய்யக் கூடாது என்று வாசலில் நின்று ஒப்பித்தாள். தேங்காய் உடைக்கக் கூடாது. துக்க வீட்டில் பாடைக்குத் தோள் கொடுக்கக் கூடாது. முடி வெட்டக் கூடாது, சவரம் கூடாது. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கோயிலில் யாராவது தேங்காயை ஓங்கினால்கூடத் தள்ளிப்போய் நின்றார். தாடி வளர ஆரம்பித்தது.

தாடியைப் பார்த்ததும் கிராணியாருக்குத் தலைவலி வந்துவிட்டது.

"ஜெனரலுக்குத் தாடியோ? வெள்ளைக்காரனிட்டைப் பழகின பட்டாளத்தான் தம்பி. கன்னம் கண்ணாடி மாதிரி இருக்கோணும்."

"வீட்டுல மாசமா இருக்காங்கய்யா," என்றார் இவர்.

கிராணியார் இரண்டு நாள் யோசித்துவிட்டு, நாடகத்தில் ஒரு சபதத்தைச் சேர்த்தார். பதவி ஏற்கும்போது ஜெனரல் மக்களைப் பார்த்து, "இந்த நாட்டில் ஒழுங்கு திரும்பும்வரை என் கன்னத்தில் கத்தி படாது," என்று சொல்லுவார். அந்த ஜெனரல் இதைக் கேள்விப்பட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ, ஆப்பிரிக்காவில் யாருக்குமே இல்லாத ஒரு விரதத்தை என் வயிற்றில் இருந்த பிள்ளை அவருக்கு வைத்துவிட்டது. நாடகம் அந்தப் பதவியேற்பில் முடிவதாகத்தான் முதலில் இருந்தது. ஜெனரல் சல்யூட் அடிப்பார், ஆர்மோனியக்காரர் மங்களம் வாசிப்பார், கலையலாம்.

வருஷத்தின் பாதி போயிருக்கும். ஒரு சாயங்காலம் நான் பதக்கத்துக்கு ரிப்பன் தைத்துக்கொண்டிருந்தேன். கிராணியார் குடையைக்கூட மடக்காமல் வேகமாக உள்ளே வந்தார்.

"தம்பி, ஜெனரல் விழுந்திட்டார்."

"நான் இங்கதானேய்யா உக்காந்திருக்கேன்," என்றார் இவர்.

"நீர் இல்லை, அவர். அவரின்ரை சொந்தப் பட்டாளமே வந்து சுத்தி வளைச்சு, ஆளைக் கூட்டிக்கொண்டு போட்டுதாம். இப்பதான் லண்டன் ரேடியோவிலை சொன்னவை."

இவர் கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார். முகம் வாடிப்போனது. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. "ஆளு எப்படியோ என்னமோ. ஆனா இத்தன நாளா அவன் சட்டையப் போட்டுப் போட்டுப் பாத்துட்டேன்ல," என்றார்.

மறு ஞாயிறு கிராணியார் புதிய கடைசிக் காட்சியோடு மண்டபத்துக்கு வந்தார். ஊர் அறிந்த விஷயத்தை மறைத்துப் பதவியேற்போடு நாடகத்தை முடித்தால் பேப்பர் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்பது அவர் கட்சி. புதிய காட்சியில் சிப்பாய்கள் ஜெனரலைச் சுடுகிறார்கள். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தாய்நாட்டைப் பற்றி நீளமாகப் பேசி, சரிந்து, சாகிறார். வெள்ளைத்துணி கொண்டு மூடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் அவர் எழுதியதிலேயே அதுதான் உயர்ந்தது. இவர் கண்ணெல்லாம் மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா எழுந்தாள்.

"வெள்ளத்துணியா? இந்தப் புள்ள வயித்துல வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு. இது புருசன் மேடையில பொணமா கெடக்கணுமா? அதுக்கு மேல துணிய வேற போத்துவீங்களா?"

நாடகம்தானே என்று யாருமே சொல்லவில்லை. அத்தனை பெரிய கப்பல்களை மராமத்து பார்க்கிற ஆம்பிளைகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கிராணியார்கூடப் பேனாவுக்கு மூடி போட்டுவிட்டார். நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், வேறு எந்த வருஷமாக இருந்தாலும் அக்காவைக் கேலி செய்து சிரித்திருப்பேன். இரண்டு முறை இழந்தவளுக்குப் பகுத்தறிவு பேச வாய் வராது. பயமாக இருந்தது. அவர் அப்படிப் படுத்திருப்பதை நினைத்தபோதே என் கை தானாக வயிற்றுக்குப் போனது.

மண்டோர் தொண்டையைச் செருமினார். "அதுக்கென்ன லா, நான் செத்துட்டுப் போறேன். எனக்குப் பேரப்புள்ளையே எடுத்தாச்சு," என்றார்.

கிரீடம் இல்லாத வேஷம் வேண்டாம் என்று துண்டை உதறியவர்தான். ஆனால் நீளமாகப் பேசிக்கொண்டே சாகிற காட்சி எந்த நடிகனுக்குத்தான் கசக்கும்? அங்கேயே உடுப்பைப் போட்டுப் பார்த்தார். கை விரல் வெளியே தெரியவில்லை. வயிற்றில் பொத்தான்கள் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. "கொஞ்சம் பிரிச்சுத் தச்சுக் குடும்மா," என்று என்னிடமே சொன்னார்.

வீட்டுக்கு வந்து இவர் உடுப்பை மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். "எனக்கு ஈட்டி போதும் புள்ள," என்றார். வழக்கமான குரலில்தான் சொன்னார், ஆகவே அவருக்கு ஈட்டி போதும் என்பது வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் தெரிந்துவிட்டது. மனசு உடைந்ததைக்கூட அவரால் ரகசியமாகச் சொல்ல முடியாது. மறுநாள் காலையில் குளியலறையில் இருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு மறுநாளும் அப்படியே. அக்கா வேலிப்பக்கம் வந்து, "ஒடம்பு சரியில்லையா அவருக்கு?" என்று கேட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அக்கா நல்லதுக்குத்தான் சொன்னாள். கிராணியார் நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆப்பிரிக்காவில் அந்தச் சிப்பாய்கள் தீபாவளி கழியட்டும் என்று இருந்திருக்கலாம். பிள்ளை முக்கியம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. ஆனால் பிள்ளையைக் காட்டி இந்த மனுஷனிடம் இருந்து நாற்காலியைப் பிடுங்குவதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் புடவையை மாற்றிக்கொண்டு கிராணியார் வீட்டுக்கு நடந்தேன்.

"ஐயா, அந்த ஜெனரல் செத்துட்டாருன்னு ரேடியோவுல சொன்னாங்களா?"

"சொல்லேல்லை தங்கச்சி. பிடிச்சுக்கொண்டு போட்டினம் எண்டுதான் சொன்னவை. பிறகு ஆள் எங்கையெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை."

"அப்ப நீங்க எப்படி அவரச் சாகடிச்சீங்க?"

கிராணியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாடகத்துக்கு ஒரு முடிவு வேணுமெல்லே?"

"பட்டறையில வேலைய விட்டுப் போறவங்க கடைசி நாளு என்ன செய்றாங்க? கேட்ல பாஸைக் குடுக்குறாங்க, உடுப்பத் திருப்பிக் குடுக்குறாங்க, சொந்தச் சட்டையோட வெளிய நடந்து போறாங்க. அத்தோட அவங்க சொன்னா யாரு கேக்குறா? நேத்து வரைக்கும் அந்த ஆளப் பாத்து நடுங்குனவன் இன்னிக்கு எந்திரிச்சி நிக்க மாட்டான். அதுக்கு மேல என்னங்கய்யா விழறது? அவரும் தொப்பியையும் சட்டையையும் நாற்காலியில வச்சிட்டு நடந்து போகட்டும்."

கிராணியார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த நீளமான மரண வசனத்தை எழுத அவர் எத்தனை நாள் தூக்கம் கெட்டாரோ. "வெள்ளைத்துணி வேண்டாம் எண்டு சொல்லுறீர்," என்றார். பிறகு, "சட்டை வடிவாத்தான் இருக்கும், கதிரையிலை," என்றார். அவர் ஊரில் அழகுக்கு வடிவு என்பார்கள், நாற்காலிக்குக் கதிரை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவர் மனைவியைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார்.

மண்டோரைச் சமாதானம் செய்வதும் கிராணியார் பொறுப்பு. ஜெனரலைக் கைது செய்ய வருகிற சிப்பாய் அவர்தான் என்றார்கள். வசனம் ஒன்றே ஒன்று: "ஜெனரல், உங்கள் காலம் முடிந்துவிட்டது." ஒரு வரிதானா என்று மண்டோர் முகம் சுளித்தார். ஆனால் ஜெனரலையே பிடித்து வெளியே அனுப்புகிற வேஷம் என்று யாரோ எடுத்துச் சொன்னதும் சம்மதித்தார். என் வீட்டுக்காரர் அன்றிரவே ஈட்டியைத் துடைத்து எண்ணெய் போட்டு அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். ஆப்பிரிக்கச் சிப்பாய்க்கு ஈட்டி கிடையாது என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. மரியாதைக்காகவாம். காலையில் குளியலறையில் இருந்து கட்சிகளைக் கலைக்கிற சத்தம் கேட்டது. நான் அடுப்படியில் நின்று சிரித்தேன்.

நாடகத்தன்று எனக்கு வளைகாப்பு முடிந்து இரண்டு கை நிறைய வளையல். முன்வரிசை பெஞ்சில் அக்கா எனக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். பட்டறை ஆட்கள் குடும்பத்தோடு, பக்கத்துக் கம்போங் கிராமத்தில் இருந்து மலாய்க்காரர்கள், கோழிக்கடைச் சீனர் அவர் பிள்ளைகளோடு என்று நல்ல கூட்டம். கச்சான் என்கிற வேர்க்கடலை விற்பவர் எங்கள் பக்கத்திலேயே கடை போட்டுவிட்டார்.

திரை விலகியது. இவர் படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "சும்மா கொஞ்ச நாளைக்குத்தான்," என்றார். அந்தக் குரலுக்கு மேடைக்கு ஒலிபெருக்கி வைத்ததே வீண். பதக்கங்கள் குலுங்க எழுந்து நின்று கட்சிகளைக் கலைத்தார். மந்திரிகள் ஓடினார்கள். பிறகு சபதம். "இந்த நாட்டில் ஒழுங்கு திரும்பும்வரை என் கன்னத்தில் கத்தி படாது."

கூட்டத்தில் இருந்து யாரோ, "புள்ள பொறக்கிற வரைக்கும்னு சொல்லுண்ணே," என்று குரல் கொடுத்தார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஜெனரலும் தாடிக்குள் சிரித்துவிட்டார். நான் முகத்தை வளையல் கையால் மூடிக்கொண்டேன். அக்கா மட்டும் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள், ஏதோ சட்டம் போட்டதே அவள்தான் என்பது போல. அவள்தானே போட்டாள்.

அவர் ஆட்சி ஏறுகிறதும் இறங்குகிறதும் எனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் கடைசியில் மண்டோர் உள்ளே வந்து அந்த வரியைச் சொன்னபோது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இவர் தொப்பியைக் கழற்றினார். பதக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் வைத்தார். சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டி, தோள்பட்டையை ஒருமுறை நீவிவிட்டார். அந்த ஜரிகை என் கல்யாணப் புடவையில் இருந்தது. பனியனோடு பலகைப்படி இறங்கிக் கூட்டத்துக்கு நடுவே நடந்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே அடங்கிப்போனார்கள். மேடையில் அந்தச் சட்டை தனியாக உட்கார்ந்திருந்தது. கிராணியார் சொன்னது சரி, அது வடிவாகத்தான் இருந்தது.

அவர் கடைசிவரை நடந்து தார்ப்பாய்க்குப் பின்னால் மறைய வேண்டும் என்பது ஏற்பாடு. என் பெஞ்சு அருகே வந்ததும் நின்றார். என்னைப் பார்த்தார். அக்கா ஒன்றும் கேட்காமல் தள்ளி இடம் விட்டாள். ஜெனரல் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வியர்வையில் பனியன் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, அங்க போகலையா?" என்றேன்.

"போதும் புள்ள, என் வேலை முடிஞ்சிச்சு," என்றார். தன் குரலில்தான். அடங்கிக் கிடந்த கூட்டம் மறுபடி சிரித்தது. கச்சான்காரர் அவர் கையில் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார்.

மேடையில் மண்டோர் தனியாக நின்றார். நாடகம் அத்தோடு சரி, மங்களம் வாசிக்க வேண்டியதுதான். ஆர்மோனியக்காரர் துருத்தியில் கை வைத்தார். ஆனால் மண்டோர் நாற்காலியைப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தூசி தட்டித் தலையில் வைத்தார். ஈட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, பதக்கங்களையும் சட்டையையும் மடியில் வாங்கிக்கொண்டு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"சும்மா கொஞ்ச நாளைக்குத்தான்."

தார்ப்பாய் பறந்துவிடும் போல ஒரு சிரிப்பு. கோழிக்கடைச் சீனருக்கு வார்த்தை புரியாது, ஆள் உட்கார்ந்த விதம் புரிந்துவிட்டது, தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்திரை ஓரம் நின்ற கிராணியார் முதலில் தலையில் கை வைத்தார், பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அங்கையும் இதுதானே நடந்தது, அடுத்தவன் வந்து குந்திக்கொண்டான். இதை நான் எழுதியிருக்கோணும்," என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னார். மண்டோர் தெரிந்து செய்தாரா, வெறும் நாற்காலியைப் பார்த்ததும் தாங்க முடியாமல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

"ஏங்க, உங்க நாற்காலி போச்சே," என்று இவரைக் கிள்ளினேன்.

"உக்காரட்டும் விடு. இங்க காத்து நல்லா வருது," என்றார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை உள்ளே ஒரு உதை விட்டது. அவர் கையை எடுத்து வைத்துக் காட்டினேன். கையில் இருந்த கச்சான் எல்லாம் என் மடியில் கொட்டிவிட்டது.

தைமாதம் மகள் பிறந்தாள். நல்ல எடை, நல்ல குரல், குரல் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் அழுகையைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். எழுத்தில் அது சின்னதாகத் தெரிகிறது. தீட்டுக் கழிந்ததும் இவர் சவரம் செய்துகொண்டு வந்தார். வரிசை வீடுகளில் ஒவ்வொருவரும் வாசலுக்கு வந்து, "என்ன, நாட்டுல ஒழுங்கு திரும்பிடுச்சா?" என்று கேட்டார்கள். திரும்பிவிட்டது என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்ததில் ஒரு சந்து நடக்க அரைமணி நேரம் ஆனது.

பிறகு ஒரு மத்தியானம். குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூரத்தில் கிராணியார் குடையோடு வேகமாக வருவது ஜன்னல் வழியே தெரிந்தது. ஆப்பிரிக்காவில் இன்னொரு நாட்டில் இன்னொரு ஜெனரல் உட்கார்ந்துவிட்டார் என்று சொல்லத்தான் வந்தார், அது பிறகு தெரிந்தது. இவர் அவரைப் பார்த்ததும் மகளின் காதுப்பக்கம் குனிந்தார்.

"அரசே, எதிரிகள் கோட்டையை நெருங்கிவிட்டார்கள்," என்றார்.

நான் அடுத்த அறையில் கதவோரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது, மீதி எனக்குத் தெரிந்த வரிதான். பிள்ளை எழுந்துவிடக் கூடாதென்று அவ்வளவு மெதுவாகச் சொல்லியிருக்கிறார்.